முயல் கறி: வாசகர் கேள்வி – பதில்

மான் கறியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அடுத்தது முயல் என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரிக்கு மொரிஷியஸ் தீவின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் ஒத்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன். பெரும்பாலான கடிதங்களில் இருந்த குறை இம்மூன்றில் ஒன்றுதான்: கறி வறண்டுபோனது, நார்நாராகப் பிரிந்தது, அல்லது வாடை அடித்தது. ஆட்டுக் கறிக்குப் பழகிய கை முயலையும் அதே போல் சமைப்பதுதான் இவற்றுள் முதல் இரண்டுக்கும் காரணம் என்பது என் கருத்து.

உறைந்த முயலா, கூண்டு முயலா? (ரோஸ் ஹில் வாசகி)

*பேரங்காடியில் பனிக்கட்டியாக உறைந்த முயல் முழுதாகக் கிடைக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் கூண்டு கட்டி வளர்த்து விற்கிறார். எதை வாங்குவது? ஆறு பேருக்கு ஒரு முயல் போதுமா?*

வசதி இருந்தால் வளர்ப்பவரிடமே வாங்குங்கள் அம்மா. ஆனால் வாங்கிய அன்றே சமைக்காதீர்கள். அறுத்த சில மணி நேரத்துக்குள் உடல் விறைத்துவிடும். அந்த விறைப்போடு அடுப்பில் ஏற்றினால் எத்தனை நேரம் வெந்தாலும் கறி ரப்பராகவே இருக்கும். மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவும் ஒரு பகலும் வைத்தால் தசை தளர்ந்துவிடும். அதற்கு மேல் இன்னொரு நாள் வைக்கலாம். அதையும் தாண்டினால் உறையவைத்துவிடுவதே நல்லது.

உயிருடன் இரண்டரைக் கிலோ நிற்கும் முயல், தோலும் குடலும் தலையும் காலடியும் போக ஏறக்குறைய பாதி எடைக்குத்தான் கறி தரும். ஆகவே உயிர் எடைக்கு விலை பேசும்போது அதை இரட்டிப்பாக்கிக் கறி விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது மலிவாக இராது. சோறும் பருப்பும் இரண்டு காய்கறியும் உடனிருந்தால் 1.3 கிலோ கறி ஆறு பேருக்குப் போதும். ரொட்டியோடு கறி மட்டும் என்றால் நான்கு பேருக்குத்தான் வரும்.

மூன்று, நான்கு மாத முயலைக் கேளுங்கள். உயிருடன் பார்க்கும்போது இளசின் காது மெல்லியதாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருக்கும். நகம் குட்டையாக, பாத மயிருக்குள் மறைந்திருக்கும். கிழட்டு முயலின் நகம் நீண்டு, வளைந்து, வெளியே துருத்திக்கொண்டிருக்கும். உரித்த முயலானால் கறி வெளிர் இளஞ்சிவப்பாக, தொட்டால் ஈரமாக ஆனால் பிசுபிசுப்பில்லாமல் இருக்க வேண்டும். சிறுநீரகத்தை விட்டுவைத்து விற்பவர்கள் உண்டு. அதைச் சுற்றியுள்ள கொழுப்பையும் சிறுநீரகத்தின் பளபளப்பையும் பார்த்தாலே கறி எத்தனை நாள் பழையது என்பது புரிந்துவிடும்.

உறைந்த முயலை வாங்கினால் உறைக்குள் பனித்தூள் அடர்ந்திருக்கிறதா, கறியின் மேல் வெண்மையாக உலர்ந்த திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது ஒருமுறை உருகி மீண்டும் உறைந்ததாகவோ, நெடுநாள் கிடந்ததாகவோ இருக்கலாம். வீட்டில் அதை உருக்கக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு முழு நாள் கொடுங்கள். சமையல் மேடையில் வெளியே வைத்து உருக்குவது, அதுவும் டிசம்பர், ஜனவரி வெக்கையில், நோயை அழைப்பதற்குச் சமம்.

எலும்புச் சிராய் (குவாத்ர் போர்ன் வாசகர்)

*கறிக்கடையில் ஆட்டுக் கறியைப் போலவே கொத்தித் தரச் சொன்னேன். சாப்பிடும்போது ஊசி போன்ற எலும்புத் துண்டுகள் வாயில் குத்தின. குழந்தைகளுக்குக் கொடுக்கவே பயமாக இருந்தது.*

முயலைக் கொத்தக் கூடாது என்பதை இந்தப் பத்தியில் வேறு எதை மறந்தாலும் மறக்காதீர்கள். அதன் எலும்பு மெல்லியது, கடினமானது. வெட்டுக்கத்தியின் அடி விழுந்தால் உடையாமல் சிதறும், சிதறும் ஒவ்வொரு சில்லும் முனை கூர்ந்திருக்கும். கடைக்காரரிடம் முழுதாக வாங்கி வந்து, சிறிய கூர்மையான கத்தி ஒன்றால் மூட்டு மூட்டாகப் பிரிப்பதே சரி. பழகியவருக்குக் கால் மணி நேர வேலை.

முன்னங்காலிலிருந்து தொடங்குங்கள். முயலின் முன்னங்காலை உடலோடு பிணைக்கும் எலும்பு மூட்டு எதுவும் கிடையாது, தசைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, தோள்பட்டை எலும்புக்கும் விலாவுக்கும் இடையே கத்தியைச் சாய்த்து ஓட்டினால், எலும்பில் கத்தியே படாமல் முழுதாகக் கழன்று வரும். பின்னங்காலுக்கு மூட்டு உண்டு. முயலை மல்லாத்தி, தொடையை வெளிப்பக்கமாக மடக்கி அழுத்தினால் பந்துக் கிண்ண மூட்டு பொட்டென்று விலகும் ஓசை கேட்கும். அந்த இடைவெளியில் கத்தியை விட்டு, இடுப்பெலும்பை ஒட்டியே அறுத்துவிடுங்கள். தொடையையும் கீழ்க்காலையும் முழங்கால் மூட்டில் இரண்டாக்கலாம்.

இனி எஞ்சுவது உடல். வயிற்றுப் பக்கம் தொங்கும் மெல்லிய சதையை இருபுறமும் முதுகெலும்பை ஒட்டி வெட்டியெடுத்துச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். குழம்பில் அது சுவையான துண்டு. கடைசி விலாவுக்குப் பின்னால் முள்ளெலும்புகளுக்கு நடுவே கத்தியை அழுத்தி, இரு கையாலும் முறுக்கினால் விலாப் பகுதி தனியாக வந்துவிடும். அதற்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள முதுகுக் கறிதான் முயலில் சிறந்தது. அதன்மேல் வெள்ளி நிறத்தில் ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். வெந்தால் அது சுருங்கிக் கறியை வளைத்துவிடும். கத்தி முனையைச் சவ்வின் அடியில் நுழைத்து, நாடாவைப் போல உருவியெடுத்த பிறகு, முதுகை முள்ளெலும்பு இடைவெளி பார்த்து மூன்று துண்டாக்குங்கள். விலாவும் இடுப்பெலும்பும் குழம்பில் போடுவதைவிடச் சாறு காய்ச்ச ஏற்றவை. சிறுபிள்ளைகள் உண்ணும் வீட்டில் அவற்றைக் குழம்பில் சேர்க்கவே வேண்டாம்.

பூனையில்லை என்று எப்படித் தெரியும்? (போர்ட் லூயிஸ் வாசகர்)

*நண்பர்கள் கேலி செய்கிறார்கள். தலையில்லாமல் விற்கும் முயல் உண்மையில் முயல்தானா என்று அறிய வழி உண்டா?*

கேலி பழையதுதான், ஐரோப்பாவிலும் இதே சந்தேகத்தால் தலையோடு முயல் விற்கும் வழக்கம் இருந்தது. தலை இருந்தால் மேல் வெட்டுப்பற்களைப் பாருங்கள்: பெரிய இரண்டு பற்களுக்குப் பின்னால் சிறு குச்சிபோல் இன்னும் இரண்டு பற்கள் ஒளிந்திருக்கும். தலையில்லையென்றால் பின்னங்காலின் கீழ்ப்பகுதி எலும்பைப் பாருங்கள். முயலுக்கு அங்குள்ள இரண்டு எலும்புகளும் பாதி நீளத்திலிருந்து ஒன்றாக ஒட்டிப்போயிருக்கும். பூனைக்கு மேலிருந்து கீழ்வரை தனித்தனியாக நிற்கும். விலாவும் முயலுக்குத் தட்டையாகவும் பூனைக்கு உருண்டையாகவும் இருக்கும். உறையில் பண்ணையின் பெயரும் தேதியும் உள்ள கறியை வாங்கினால் இந்த ஆராய்ச்சி தேவைப்படாது.

வாடை (மாயேபூர் வாசகி)

*என் மாமியார் முயலை ஓர் இரவு முழுக்கக் காடியில் (வினிகரில்) ஊறவைப்பார். அப்படியும் வாடை போவதில்லை.*

காடி வாடையை மறைக்குமே ஒழிய நீக்காது. வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மூன்று இடங்கள். ஒன்று, வயது முதிர்ந்த ஆண் முயல். அதற்கு மருந்தில்லை, வாங்காமலிருப்பதே வழி. இரண்டு, கவட்டுப் பகுதியிலும் ஆசனவாயின் அருகிலும் உள்ள சிறு வாசனைச் சுரப்பிகள். மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் பயறளவில் இருக்கும் அவற்றை உரிக்கும்போதே அறுத்தெடுத்துவிட வேண்டும். மூன்று, உரிக்கும்போது மயிரின் வெளிப்பக்கம் கறியில் பட்டுவிடுவது, அல்லது மூத்திரப்பை கிழிந்துவிடுவது. ஒட்டிக்கொண்ட ஓரிரண்டு மயிர்கூடச் சட்டி முழுவதற்கும் வாடை ஏற்றும்; ஈரத் துணியால் ஒவ்வொரு துண்டையும் துடைத்துப் பாருங்கள்.

ஊறவைக்கத்தான் வேண்டும் என்றால், ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி காடியும் கலந்து முக்கால் மணி நேரம் போதும். இரவு முழுவதும் ஊறினால் மேற்பரப்பு வெளிறி, மாவாகி, பிறகு மசாலாவும் பிடிக்காது, வறுத்தால் நிறமும் ஏறாது. எடுத்ததும் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறேன்.

மூன்று விசிலில் நாராகிப்போன குழம்பு (திரியோலே, ஃபிளாக், கூட்லாண்ட்ஸ் வாசகர்கள்)

*ஆட்டுக் கறிக்கு வைப்பதுபோலவே குக்கரில் வைத்தோம். கறி எலும்பை விட்டுப் பிரிந்து நாராகிவிட்டது, ஆனால் மெல்லவே முடியாதபடி வறண்டிருந்தது. வீட்டு மசாலாவில் சரியாகச் செய்யும் முறையை எழுதுங்கள்.*

ஆட்டுக் கறிக்குள் கொழுப்பு ஊடுருவியிருக்கும். வேகும்போது அது உருகி நார்களை நனைக்கும். முயலின் தசைக்குள் அப்படி எதுவும் இல்லை; இருக்கும் கொஞ்சக் கொழுப்பும் சிறுநீரகத்தைச் சுற்றியும் தோளுக்கு அருகிலும் திரண்டிருக்கும். குக்கரின் அழுத்தச் சூட்டில் நார் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றிவிட்டால் அதை ஈடுசெய்ய ஒன்றுமில்லை. ஆகவே எண்ணெயை நாம்தான் கொடுக்க வேண்டும், தீயையும் நாம்தான் அடக்க வேண்டும். இன்னொன்று, முயலின் எல்லாத் துண்டுகளும் ஒரே நேரத்தில் வேகாது. குதித்துக் குதித்து உழைத்த பின்னங்காலுக்குத் தேவைப்படும் நேரத்தில் பாதிகூட முதுகுக் கறிக்குத் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒன்றாக இறக்குவதால்தான் கால் வேகும்போது முதுகு வறண்டுவிடுகிறது.

1.3 கிலோ முயலுக்குச் சொல்கிறேன். ஒன்றரை மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைத் துண்டுகளில் பிசிறி இரண்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, இரண்டு தேக்கரண்டி சீரகம், ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒரு தேக்கரண்டி மிளகு, எட்டுக் காய்ந்த மிளகாய், நான்கு கிராம்பு, விரல் நீளப் பட்டை, இரண்டு இணுக்குக் கறிவேப்பிலை ஆகியவற்றை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, தண்ணீர் தெளித்து அம்மியில் மையாக அரைத்துக்கொள்ளுங்கள். அம்மி இன்னும் இருக்கும் வீடுகள் நம் தீவில் குறைந்துவிடவில்லை. அதில் அரைத்த மசாலா முயலுக்குச் செய்வதை மிக்சித் தூள் செய்வதில்லை. மென்மையான கறி ஆதலால் மசாலாவின் கரகரப்பு நாக்கில் தனியாகத் தெரிந்துவிடும்.

அடி கனத்த தேக்சாவில் ஐந்து மேசைக்கரண்டி எண்ணெயை ஊற்றுங்கள். வழக்கத்தைவிட அதிகம் என்று தோன்றும், குறைக்காதீர்கள். எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளை நான்கு நான்காகப் போட்டு, இரண்டு பக்கமும் பொன்னிறமாகும்வரை மட்டும் வறுத்து எடுத்து வைத்துவிடுங்கள். அதே எண்ணெயில் பொடியாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயத்தை நிதானமாகச் சிவக்க வதக்கி, அரைத்த மசாலாவைச் சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை கிளறுங்கள். அடி பிடிப்பதுபோல் இருந்தால் ஒரு கரண்டி நீர் விடலாம். பிறகு மூன்று தக்காளி, ஒரு சிறு கொத்துத் தைம் (மணமூலிகைத் தழை). தக்காளி குழைந்ததும் தொடையும் கீழ்க்காலும் மட்டும் உள்ளே போகட்டும். துண்டுகள் பாதி மூழ்கும் அளவுக்குச் சுடுநீர் ஊற்றி, மூடி, குழம்பின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும் தீயில் இருபத்தைந்து நிமிடம் விடுங்கள். முன்னங்காலையும் வயிற்றுச் சுருளையும் சேர்த்து இன்னும் பத்து நிமிடம். கடைசியில் முதுகுத் துண்டுகளைப் போட்டுப் பதினைந்து முதல் இருபது நிமிடம். இளம் முயலுக்கு ஆக மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். தொடையின் தடித்த இடத்தில் முள்கரண்டி எதிர்ப்பின்றி இறங்கி, எலும்பருகே சிவப்பு இல்லாமலிருந்தால் வெந்துவிட்டது. வெப்பமானி வைத்திருப்பவர்கள் 71 டிகிரி செல்சியசைப் பார்க்கலாம். அரைக் கோப்பைத் தேங்காய்ப் பால் சேர்ப்பவர்கள் இப்போது சேர்த்து, ஒரு கொதிக்கு மேல் விடாமல் இறக்கி, கொத்தமல்லித் தழை தூவி, மூடியபடி கால் மணி நேரம் வையுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் கறி குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். அடுப்பிலிருந்து நேராக இலைக்குப் போனால் அந்தப் பயன் கிடைக்காது.

குக்கரைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு ஒரு சலுகை: ஒரு வயதைத் தாண்டிய முயல் தெரியாமல் வந்து சேர்ந்துவிட்டால், அதன் பின்னங்கால்களை மட்டும் ஒரு விசில் விட்டு, மீதியை மேலே சொன்னபடி தேக்சாவில் தொடருங்கள்.

மது இல்லாமல் சிவே (கியூர்பிப் வாசகி)

*கிரியோல் அண்டை வீட்டார் செய்யும் முயல் சிவே (ஒயினில் மெதுவாக வேகவைக்கும் கறி) மிக நன்றாக இருந்தது. ஆனால் அதில் சிவப்பு ஒயின் ஊற்றுகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் மதுவைச் சேர்க்க மாட்டார்கள். கொதித்தால் போதை போய்விடும் என்பது உண்மையா? மாற்று உண்டா?*

முழுவதும் போய்விடாது. ஒரு மணி நேரம் கொதித்த பிறகும் ஊற்றியதில் கால் பங்கு அளவு எஞ்சியிருக்கக்கூடும். ஆகவே விலக்கு உள்ளவர்களுக்குச் சொல்லாமல் பரிமாறுவது முறையல்ல.

ஒயின் இந்தச் சமையலுக்குத் தருவது புளிப்பும் துவர்ப்பும் நிறமும். எலுமிச்சை அளவு புளியை 300 மில்லி லிட்டர் சுடுநீரில் கரைத்து வடிகட்டி, நம் ஊர்க் கரும்பழுப்புச் சர்க்கரை ஒரு தேக்கரண்டி சேர்த்தால் மூன்றும் ஓரளவுக்கு வந்துவிடும். முயலை மாவில் புரட்டி எண்ணெயில் சிவக்க வறுத்து, சின்ன வெங்காயம் பத்துப் பன்னிரண்டு, நசுக்கிய பூண்டு ஆறு பல், கிராம்பு நான்கு, தைம், மிளகு சேர்த்து இந்தப் புளிநீரையும் ஒரு கோப்பை எலும்புச் சாற்றையும் ஊற்றிச் சிறு தீயில் வைக்கவும். துண்டுகளைச் சேர்க்கும் வரிசை குழம்புக்குச் சொன்னதுதான். பிரெஞ்சு முறைச் சிவேயில் கடைசியில் முயலின் இரத்தத்தை ஊற்றிக் கெட்டியாக்குவது பழைய வழக்கம். வீட்டில் அதற்கு அவசியமில்லை. முயலின் ஈரலை வதக்கி, ஒரு தேக்கரண்டி காடியோடு மசித்து, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு கலந்தால் சாறு கெட்டியாகி அடர்ந்த நிறம் பெறும். ஒயின் ஊற்றிய சிவேக்கு இது முழுச் சமம் என்று சொன்னால் அது பொய். ஆனால் சோற்றுக்கு இதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் (வாக்குவா வாசகர்)

*வீட்டில் வளர்த்த முயலை அறுத்தபோது ஈரலில் வெள்ளையாகப் பல புள்ளிகள் இருந்தன. முழு முயலையும் எறிந்துவிட்டோம். சரிதானா?*

கவனமாக இருந்தது தவறில்லை. பெரும்பாலும் இவை ஈமேரியா என்னும் நுண்ணுயிரி ஈரலின் பித்தக் குழாய்களைத் தாக்குவதால் வருபவை. ரத்தக்கழிச்சல் என்று கோழி வளர்ப்பவர்கள் அறிந்த நோயின் உறவு இது. முயலிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஈரலை எறிந்துவிட்டு, முயல் கொழுகொழுவென்று நலமாக இருந்திருந்தால் மீதிக் கறியை நன்றாக வேகவைத்து உண்ணலாம். மெலிந்து, வயிறு உப்பி, கழிச்சலோடு இருந்த முயலானால் எதையும் உண்ண வேண்டாம். ஆனால் புள்ளிக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். அடுத்த முயலிலும் கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கூண்டின் தரையைக் கம்பி வலையாக மாற்றிப் புழுக்கை கீழே விழும்படி செய்தால் இந்த நோய் பெருமளவு குறையும்.

கண்ணாடி மணிபோல நீர் நிறைந்த சிறு பைகள் குடலின் மேலோ ஈரலின் மேலோ தொங்கினால் அது நாயிடமிருந்து வந்த நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம். அந்தக் குடலைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். போட்டால் சுற்று மீண்டும் தொடங்கிவிடும். எந்த முயலானாலும் ஈரலோடு ஒட்டியுள்ள பித்தப்பையை உடையாமல் எடுங்கள். உடைந்தால் கசப்பு கழுவிப் போகாது.

கரும்புத் தோட்டத்து முயல் (சவான் மாவட்ட வாசகர்)

*கரும்பு வெட்டும்போது ஓடும் முயலும் கடையில் விற்கும் முயலும் ஒன்றுதானா? வடக்கே உள்ள சிறு தீவுகளில் காட்டு முயல் ஏராளம் என்று தாத்தா சொல்வார், இப்போதும் உண்டா?*

ஒன்றல்ல. தோட்டத்தில் ஓடுவது பிடரியில் கரும்புள்ளி உள்ள காட்டு முயல்; தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் காணும் அதே இனம், வெளியிலிருந்து இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. வளை தோண்டாது, கூட்டமாக வாழாது. அதன் கறி கருஞ்சிவப்பு, மணம் கடுமை, வேக இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். மேலே சொன்ன எந்தக் கணக்கும் அதற்குப் பொருந்தாது. வேட்டைக்குச் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ளன. கண்ணி வைத்துப் பிடித்ததை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். அது எப்போது செத்தது, மருந்து தெளித்த கரும்பைத் தின்றதா என்பதை அவராலும் சொல்ல முடியாது.

தாத்தா சொன்னது அவர் காலத்துக்குச் சரி. வடக்கே 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ரவுண்ட் தீவில் 19ஆம் நூற்றாண்டில் விடப்பட்ட முயலும் ஆடும் பெருகி, பனையின் இளங்கன்றுகளை முளைத்த இடத்திலேயே மேய்ந்து தீர்த்தன. மண் அரித்துப் பாறை தெரிந்தது. அங்கு மட்டும் வாழ்ந்த வளை தோண்டும் பாம்பு 1975க்குப் பிறகு காணப்படவில்லை. முதலில் ஆடுகளும், 1986இல் முயல்களும் முற்றாக அகற்றப்பட்ட பிறகுதான் போத்தல் பனை மீண்டும் தழைத்தது. இன்று அது பாதுகாக்கப்பட்ட பகுதி; அனுமதியின்றிக் கால் வைக்கவும் முடியாது. கூண்டு முயலை வெளியில் அவிழ்த்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

கொழுப்புக் குறைவு என்கிறார்களே? (பெல் வில்லாஜ் வாசகி)

*கணவருக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். முயல் கறி நல்லதா?*

100 கிராம் பச்சைக் கறியில் சுமார் 20 கிராம் புரதமும் 5 அல்லது 6 கிராம் கொழுப்பும் இருக்கும். பி12 உயிர்ச்சத்தும் நிறைய உண்டு. கொழுப்புள்ள ஆட்டுக் கறிக்குப் பதிலாக உண்பது நல்ல மாற்றம்தான். ஆனால் நான் சொன்ன ஐந்து கரண்டி எண்ணெயும் தேங்காய்ப் பாலும் கணக்கில் வரும் அம்மா. அவருக்கு எண்ணெயை மூன்று கரண்டியாக்கி, தேங்காய்ப் பாலை விட்டு, தக்காளியைக் கூட்டுங்கள். குழம்பை வடித்துவிட்டுத் துண்டை மட்டும் பரிமாறலாம். யூரிக் அமிலமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முயலும் மற்ற இறைச்சியைப் போலத்தான். அளவை மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் எந்த முயல் கறியையும் அரைவேக்காடாக உண்ணக் கூடாது. பச்சைக் கறியைத் தொட்ட கையையும் பலகையையும் சோப்பால் கழுவ வேண்டும்.

விரத நாட்கள் (ரோஸ் பெல் வாசகி)

*தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் வீட்டில், விரதம் இல்லாதவர்களுக்காக உறைந்த முயலைப் பெட்டியில் வைத்திருக்கலாமா?*

இது அந்தந்த வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டியது. கொடியேற்றத்துக்கு முன்பே பெட்டியைக் கழுவிச் சுத்தம் செய்யும் வீடுகளே நான் அறிந்தவற்றில் மிகுதி. நன்கு மூடி உறையவைத்த முழு முயல் பல மாதம் கெடாது. உறவினர் வீட்டில் கொடுத்து வைத்து, விரதம் முடிந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் அழுகிறார்கள் (மோக்கா வாசகர்)

*சமைக்கலாம் என்று இரண்டு முயல் வாங்கினேன். மூன்று மாதத்தில் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?*

பெயர் வைத்த முயலைச் சட்டியில் போடாதீர்கள் ஐயா. அந்தக் கறி உங்களுக்கும் இறங்காது. இரண்டும் ஆணும் பெண்ணுமானால் உடனே பிரித்து வையுங்கள். சினைக் காலம் ஏறக்குறைய 31 நாள்தான், அடுத்த மாதமே பெயர் வைக்க இன்னும் எட்டு வந்துவிடும்.

மிச்சமும் எலும்பும் (பாம்பில்மூஸ் வாசகி)

*மீந்த குழம்பை மறுநாள் சூடாக்கினால் கறி கெட்டியாகிவிடுகிறது. விலா எலும்பை என்ன செய்வது?*

முழுச் சட்டியையும் மீண்டும் கொதிக்கவிடுவதால்தான் கெட்டியாகிறது. கறித் துண்டுகளைத் தனியே எடுத்து, எலும்பிலிருந்து சதையை விரலால் உதிர்த்து வைத்துக்கொள்ளுங்கள். உதிர்க்கும்போது தங்கியிருக்கும் எலும்புச் சில்லும் விரலுக்கு அகப்பட்டுவிடும். குழம்பை மட்டும் நன்றாகக் கொதிக்கவைத்து, உதிர்த்த கறியைப் போட்டு, முழுதும் ஆவி பறக்கச் சூடானதும் இறக்குங்கள். ஃபராத்தா ரொட்டிக்குள் வைத்துச் சுருட்ட இதுவே நல்லது. சமைத்த கறியைக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

விலாவையும் இடுப்பெலும்பையும் கழுத்தையும் ஒரு வெங்காயம், பத்து மிளகு, ஒரு துண்டு இஞ்சி, கொஞ்சம் தைம் ஆகியவற்றோடு இரண்டு லிட்டர் நீரில் ஒன்றரை மணி நேரம் சிறு தீயில் காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சிராய்க்குப் பயந்துதான் துணி. சல்லடையின் துளைகளில் அவை நழுவிவிடும். அந்தச் சாற்றில் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டால் ரசம். துவரம்பருப்பை வேகவைத்தால் மறுநாள் சாம்பாருக்குத் தனிக் குழம்பு தேவைப்படாது.